ஐந்து பங்கு டாட்ஜ்

வா மணி, வா. செருப்பைக் கழற்றாதே. தரை முழுக்க கிரீஸ். வழுக்கி விழுந்தால் அதையும் என் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த டயர் மேலே உட்கார். நாற்காலியா? இருந்த நாற்காலிகளை எல்லாம் வண்டிக்கு முட்டுக் கொடுத்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. அமெரிக்கா வண்டி அல்லவா, கனம் அதிகம்.

நீ என்ன சொல்ல வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் லீவு போட்டு, மூன்று பஸ் மாறி, முந்தலில் உன் வீட்டு வாசலிலேயே பஸ் நின்றும் இறங்காமல், பெற்ற தாயைக்கூடப் பார்க்காமல் நேரே என் வீட்டுக்கு மலை ஏறி வந்திருக்கிறாய் என்றால் வேறு என்ன? "பெரியப்பா, அந்த ஷாப்ட்டில் கை வைக்காதீங்க. எங்கம்மா தலைக்கு மேல இருக்கிற உத்தரம் அதுலதான் நிக்குது." இதுதானே? நீ வாசலில் வரும்போதே முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாய். எனக்குப் பாம்புச் செவி.

சொல்ல வேண்டியதைச் சொல். ஆனால் நான் சொல்லி முடித்த பிறகு சொல். இப்போது மணி ஒன்றரை. கீழே இறங்குகிற அடுத்த பஸ் மூணே முக்காலுக்குத்தான். போனை இப்படித் தூக்கிப் பிடிக்காதே. இங்கே பனி இறங்கிவிட்டால் போன் எடுக்காது. செக்போஸ்ட் வரைக்கும் நடந்தால் எடுக்கும். முக்கால் மணி நேர நடை. எதற்கு? உட்கார்.

அந்தப் படுதாவுக்குள்ளே இருப்பதுதான் வண்டி. இரு, இரு. அப்புறம் திறக்கலாம். முதலில் அது யார் என்று தெரிந்துகொள். உன் அப்பன் உனக்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அவன் வாயைத் திறந்து பேசினதே அபூர்வம்.

என் தாத்தா சங்கையா, உனக்குப் பூட்டன், ஏலக்காய் வியாபாரத்தில் கொழுத்தவர். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் வாங்கின டாட்ஜ் பிளசர் கார் இது. நீளம் என்றால் உங்கள் காலத்து நீளமில்லை. பதினேழு கொண்டை ஊசியில் எந்த வளைவில் திரும்பினாலும், முன்சீட்டில் இருக்கிறவன் தன் வண்டியின் பின் நம்பர் பிளேட்டைப் படிக்கலாம். ஒருதரம் தாத்தா எதிரே ஒரு பிளசர் வருகிறது என்று ஹார்ன் அடித்து ஹார்ன் அடித்து ஒதுங்கி நின்றாராம். அது இதே வண்டியின் வால். சிரிக்காதே. பார்த்தவர்கள் இருந்தார்கள். இப்போது இல்லை, அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். அவர் கண்ணை மூடினதும் பாகப்பிரிவினை. தோட்டம் ஐந்தாகப் பிரிந்தது. பாத்திரம் பண்டம் ஐந்தாகப் பிரிந்தது. பிளசர் நின்றது. விற்கலாம் என்றால் ஐந்து பேரும் மாட்டேன் என்றார்கள். ஒருவன் வைத்துக்கொள்ளட்டும் என்றால் மற்ற நாலு பேரும் அரிவாளைப் பார்த்தார்கள். மத்தியஸ்தம் பண்ண வந்தவர் தேவாரம் ஊர்க்காரர், ரொம்ப நியாயவான். அரை நாள் யோசித்துவிட்டு, "அப்ப இதையும் பிரிங்கப்பா" என்றுவிட்டார்.

பிரித்தார்கள் மணி! முற்றத்தில் வண்டியைக் கழற்றி ஐந்து குவியலாகப் போட்டார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் அப்பாவுக்கு வண்டியின் தகரக் கூடு விழுந்தது. ஒரு சித்தப்பாவுக்கு எஞ்சின். ஒருவருக்கு நாலு சக்கரமும் அச்சும். ஒருவருக்கு சீட்டு, ஸ்டியரிங் வகையறா. உன் தாத்தா கடைக்குட்டி. அவருக்கு மிச்சம் விழுந்தது அந்த ஷாப்ட். எஞ்சின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிறதே, அந்த இரும்புக் குழாய். அஞ்சடி நீளம். பாவம், அவர் அழுதே விட்டார். "எல்லாருக்கும் கறி, எனக்கு எலும்பா" என்று.

தேவாரத்துக்காரர் ஒரு நிபந்தனையும் எழுதி வைத்தார். எந்தக் காலத்திலாவது ஒருவன் மற்றவன் பங்கை எடுத்து வண்டியைச் சேர்க்க நினைத்தால், எடுத்த இடத்தில் அதே வேலையைச் செய்கிற ஒன்றைத் தன் கையால் செய்து வைக்க வேண்டும். வெறும் இடமாக விடக்கூடாது. கடையில் வாங்கியும் வைக்கக்கூடாது. தன் கையால். பத்திரத்தில் இருக்கிறது. காட்டட்டுமா? சரி, அப்புறம்.

எனக்குக் கைராசி உண்டு. அதனால்தான் இந்த வேலை என்னிடம் வந்தது என்று நினைக்கிறேன். முப்பது வருஷம் எஸ்டேட்டில் பிட்டர். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் எரிந்ததே, அந்த வருஷம் என்னை மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். வயது ஐம்பத்திரண்டுதான். இன்னும் ஆறு வருஷம் வைத்திருக்கலாம். ஆனால் அவ்வளவு மரியாதை. மேனேஜரே ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விட்டார். திரும்பி வந்துவிடப் போகிறேனோ என்று கேட் சாத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இந்த வருஷம் தை பிறந்ததும் ஆரம்பித்தேன். கூடு நாற்பது வருஷமாகக் கோழி அடைகிற இடம். கோழியை விரட்டிவிட்டு, அடுக்களைச் சுவரை இடித்து, உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். அதோ, அது அடுப்பு இருந்த இடம். துரு தின்ற தகரத்தையெல்லாம் வெட்டி, எண்ணெய் டின்னை அடித்து நிமிர்த்திப் பற்றவைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து... நாலு மாதம் என் தும்மலே சிவப்பாக வந்தது. உன் பெரியம்மா செங்கமலம் பங்குனியில் மகள் வீட்டுக்குக் கம்பத்துக்குப் போனாள். பத்து நாளில் வருகிறேன் என்றாள். இப்போது ஐப்பசி. பஸ் சரியாகக் கிடைத்திருக்காது.

கூடு ஆயிற்று. அப்புறம் சக்கரம்.

சக்கரம் கொண்டல்ராஜிடம். உனக்குச் சித்தப்பா முறை. அவன் அந்த அச்சையும் சக்கரத்தையும் மாட்டு வண்டிக்குப் போட்டு இருபத்தைந்து வருஷமாக இலவம்பஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தான். போடியிலேயே சத்தம் போடாமல் போகிற ஒரே மாட்டு வண்டி. "அண்ணே, மாடு ரெண்டும் டயருக்குப் பழகிருச்சு" என்றான். "மாடு எதுக்கும் பழகும்டா" என்று சொல்லிக் கழற்றிவிட்டேன். பதிலுக்கு மரச்சக்கரம். கடையாணி நானே அடித்தது. ஜன்னல் கம்பியைக் காய்ச்சி அடித்தேன். ஒன்பதாவது நாள், சரிவில் சக்கரம் தனியாக ஒரு பக்கம் போயிருக்கிறது. வண்டி சாய்ந்து மூட்டையெல்லாம் அவன் மேலே. பஞ்சு மூட்டை மணி! இரும்பு இல்லை, கல் இல்லை, பஞ்சு. பஞ்சு விழுந்து ஒருவன் சாவான் என்று எவனாவது நினைப்பானா? அறுத்துப் பார்த்த டாக்டர் மூக்குக்குள்ளே இருந்து ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு எடுத்தாராம்.

கடையாணி கிடைத்தது. நான்தான் தேடி எடுத்தேன். கொஞ்சம் வளைந்திருந்தது. நல்ல ஆணி. நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? காப்பி போடட்டுமா? பால் இல்லை. அடுப்பும் இல்லை. அதனால் வேண்டாம் என்பாய்.

எஞ்சின் தெய்வேந்திரன் அண்ணனிடம் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்திருந்தார். ஆறு சிலிண்டர். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஓடும், கோபத்தில் கத்தினாலும் ஓடும். அதை எடுத்தால் பதிலுக்கு மோட்டார் வைக்கணும். மோட்டார் செய்ய முடியாது இல்லையா? அதனால் எரிந்த ஸ்டோரில் கிடந்த ஒரு மோட்டாரை எடுத்து, காயில் முழுக்க நானே சுற்றினேன். ஒயர் இழுத்தது நான். சுவிட்சுப் பலகை நான். எல்லாம் கையால்.

அண்ணன் சந்தேகப் பேர்வழி. சுற்றிச் சுற்றி வந்தார்.

"சுருளி, எர்த்து போட்டியாடா?"

"எர்த்தாண்ணே? கிணறே பூமிக்குள்ளதானே இருக்கு. அதுக்கு எதுக்கு இன்னொரு பூமி?"

"அப்படியாடா சொல்ற?"

"முப்பது வருஷம் பிட்டர்ணே நான்."

அண்ணி மட்டும், "எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒருக்கா பாத்துருவோமே" என்றாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அண்ணனுக்கு என் மேலே பாசம். "அவன் மனசு நோகும் விடு" என்று சொல்லிவிட்டார். நானும் எஞ்சினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டேன். மறுநாள் காலையில், வாழைக்குத் தண்ணி பாய்ச்சிவிட்டு ஈரக்கையோடு போய்ச் சுவிட்சைத் தொட்டிருக்கிறார். ஈரக்கையோடு! நான் அவ்வளவு அழகாகப் பலகையில் பெயிண்ட்டால் எழுதியிருந்தேன், ஈரக்கையால் தொடாதே என்று. எழுத்துக் காய்வதற்குள் தொட்டால் யார் என்ன செய்வது?

சாவுக்குப் போயிருந்தேன். அண்ணி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம். ஆனால் நான் வாசலைத் தாண்டினதும் எங்கேயோ ஒரு வாளித் தண்ணியைக் கொட்டின சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். சுத்தக்காரக் குடும்பம்.

அந்த எஞ்சினைப் பிரித்தால் உள்ளே தாத்தா காலத்துக் கரி. பிஸ்டன் ரிங்கெல்லாம் ஒட்டிப்போய் பிள்ளை மாதிரிப் பிடிவாதம். ஒரு மாதம் டீசலில் ஊறப்போட்டேன். கேஸ்கட்டை சைக்கிள் டியூபிலும் காலண்டர் அட்டையிலும் வெட்டினேன். கார்பரேட்டர் மிதவை ஓட்டையாக இருந்தது. ஈயம் வைத்து அடைத்தேன். பழைய வண்டிக்கு ஆறு வோல்ட் பேட்டரி, அது எங்கே கிடைக்கும்? ஜீப் பேட்டரியைப் போட்டேன். முதல் தடவை சாவியைத் திருப்பினதும் ரெண்டு லைட்டும் சூரியன் மாதிரி எரிந்து டொப் டொப் என்று வெடித்துவிட்டது. ஆனால் எஞ்சின் கிளம்பியது மணி. கிளம்பின சத்தத்தில் எஸ்டேட் நாய்களெல்லாம் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போய்விட்டன. இன்றுவரை திரும்பவில்லை. அங்கே மலையாளத்தில் குரைப்பதாகக் கேள்வி.

சிரி. இப்போது சிரிக்கலாம். இங்கே நல்லாச் சிரிக்கிற ஆள் வந்து ரொம்ப நாளாயிற்று.

சீட்டும் ஸ்டியரிங்கும் ராமுத்தாய் அக்காவிடம். பெரியப்பா மகள். போடியில், மெயின் ரோட்டைப் பார்த்த வீடு. அந்தப் பின்சீட்டைத்தான் சோபா மாதிரிச் சுவரோரம் போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வயசு எழுபத்தெட்டு. வாய் பதினெட்டு.

"வந்துட்டியா? ரெண்டு பேரைத் தின்னது பத்தலயா உன் வண்டிக்கு?"

"வண்டி பெட்ரோல்தான்க்கா குடிக்கும்."

"வண்டியச் சொல்லலடா. உன்னைச் சொல்றேன். நீ சின்ன வயசுல கட்டின பட்டத்துக்கே வால் நிக்காது. இந்தச் சீட்டை எடுத்துட்டு எனக்கு என்னத்த வைக்கப் போற?"

"ஊஞ்சல்க்கா."

அக்கா அப்படிச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி பேச்சியம்மா, கேட்டியா? சுருளி எனக்கு ஊஞ்சல் கட்டப் போறானாம். வாய்க்கரிசி எடுத்து வச்சிரு" என்றாள். நானும் சிரித்தேன். என்னைக் கேலி பண்ணினால் எனக்குக் கோபம் வராது. பொறாமையில்தானே பேசுகிறார்கள்.

கொடுக்க மாட்டேன் என்றாள். ஒரு வாரம் தினமும் போனேன். விடிந்தால் அவள் வாசலில் நான். எட்டாவது நாள், "எடுத்துத் தொலை. ஆனா அந்த ஊஞ்சல்ல நான் உக்கார மாட்டேன். சும்மா தொங்கட்டும்" என்றாள். கொக்கி ரெண்டும் நானே வளைத்தேன், பலகை நானே இழைத்தேன். கட்டி முடித்துப் பார்த்தால் அக்கா தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை மணி. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? அதே வேலையைச் செய்கிற ஒன்று. அது தொங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் வேலை செய்ததாகுமா? வேண்டாம் வேண்டாம் என்றாள். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். ஒரு தள்ளும் தள்ளிவிட்டேன், பிள்ளை மாதிரி ஆடட்டும் என்று.

இடுப்பெலும்பு. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் பார்க்கப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கடைசி நாள் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "சுருளி, நீ கெட்டவன் இல்லடா. அதான் பயமா இருக்கு" என்றாள். அப்போதே நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. அர்த்தமில்லாமல் பேசினாள்.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? வண்டி ஐந்து காவு கேட்கிறதாம். மூன்று ஆயிற்று, ரெண்டு பாக்கியாம். படித்தவனும் சொல்கிறான். பஸ் கண்டக்டர் என்னைக் கண்டால் சில்லறை கையில் படாமல் வாங்குகிறான். இரும்பு மேலே பழி போடுவது சுலபம். இரும்புக்கு வாய் கிடையாது. கொண்டல் மாட்டை அடித்து ஓட்டினான், அண்ணன் ஈரக்கையால் தொட்டார், அக்காவுக்கு உடம்பு கனம். இதில் வண்டி எங்கே வந்தது? நான் எங்கே வந்தேன்? உன் அப்பன் பெருமாள்சாமி போய் ஆறு வருஷம் ஆகிறது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். அது சர்க்கரை என்று நான்தான் சண்டை போட்டேன். அநியாயமாகப் பேசக்கூடாது.

ஒன்று யோசித்துப் பார். எங்கள் அப்பன்மார் ஐந்து பேரும் பிரிந்த நாளிலிருந்து ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போகவில்லை. இந்த வண்டியால்தான் இந்த வருஷம் எல்லோரும் கூடினோம். மூன்று தடவை கூடினோம்.

சரி. இப்போது உன் ஷாப்ட்டுக்கு வருகிறேன்.

எல்லாம் மாட்டி முடித்துவிட்டேன். எஞ்சின் சுற்றுகிறது. பின்சக்கரம் கையால் சுற்றினால் சுற்றுகிறது. ரெண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. நடுவிலே அந்த அஞ்சடி இல்லை. வேறு வண்டி ஷாப்ட் பொருந்தாது. உன் தாத்தா அதைக் கொண்டுபோய் வீட்டுக் கூடத்தில், வெடித்த உத்தரத்துக்கு அடியில், ஒரு கல் தூண் கட்டி அதன் மேலே நட்டு வைத்துவிட்டார். எலும்பு என்று அழுதவர்தான். அந்த எலும்புதான் உங்கள் வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது.

உனக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள், சுருளி முந்தல் பக்கம் நடமாடுகிறான் என்று. நீயும் ஓடி வந்துவிட்டாய். நல்ல பிள்ளை. உங்கம்மா தவமணிக்கு நீ ஒரே பிள்ளை. எங்கே போனாலும் உன் பேச்சுத்தான் பேசுவாள் என்று நினைக்கிறேன். இன்றைக்கு என்னவோ அவ்வளவாகப் பேசவில்லை.

ஆமாம், இன்றைக்குத்தான். காலையில் முதல் பஸ்ஸில் இறங்கினேன். எட்டு மணிக்கே வேலையை முடித்து, உன் பஸ் மலை ஏறுவதற்கு ரொம்ப முன்னாலேயே ஷாப்ட்டோடு மேலே வந்துவிட்டேன். நீ முந்தலில் இறங்கியிருந்தால் ஷாப்ட் நின்ற இடத்தைக் கண்ணாலே பார்த்திருப்பாய். இரு, ஏன் எழுந்திருக்கிறாய்? உட்கார். படுதாவை விலக்குகிறேன், பார். குனிந்து பார். அடியிலே ஓடுகிறதே, கறுப்பாக, அதுதான். பதினோரு மணிக்கு மாட்டினேன். கை தட்டின மாதிரிப் போய்ப் பொருந்தியது.

கத்தாதே. உங்கம்மாவைக் கேட்டுத்தான் எடுத்தேன். "எடுத்துக்கட்டுமா தாயி?" என்று மரியாதையாகக் கேட்டேன். சிரித்துத் தலையாட்டினாள்.

வெறும் இடமாக விடுவேனா? என்னை யார் என்று நினைத்தாய்? உத்தரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்திருக்கிறேன். லாரிக்கு வைக்கிற பாட்டில் ஜாக்கி, எட்டு டன் தூக்கும். கல் தூணுக்கு மேலே நாலு மரக்கட்டை, அதற்கு மேலே ஜாக்கி. உள்ளே வாஷர் தேய்ந்திருந்தது. கையால் செய்யணுமே, அதனால் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வாஷர் போட்டேன். லேசாக எண்ணெய் கசியும். ஜாக்கி என்றால் கசியத்தான் செய்யும். ஒரு மணி நேரத்துக்கு அரை விரற்கடை இறங்கும், அதற்கு மேலே இறங்காது. அதற்கும் வழி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "மணிக்கு ஒருக்கா இந்தக் கம்பியைப் பிடிச்சுப் பத்து அடி அடிச்சிரு தாயி, உத்தரம் பழையபடி ஏறிக்கும்" என்று செய்து காட்டினேன். அதற்கும் சிரித்துத் தலையாட்டினாள்.

என்ன?

காது கேட்காதா? உங்கம்மாவுக்கா? எப்போதிலிருந்து?

மூன்று வருஷமாகவா? மிஷின் வாங்கிக் கொடுத்தாயா? அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாளா, விசேஷத்துக்கு மட்டும் மாட்டுவதற்கு? அட, பொம்பளைகளே இப்படித்தான். எனக்கு எப்படித் தெரியும்? "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்டதற்கும் அதே சிரிப்புத்தான் சிரித்தாள். மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதறாதே. கணக்குப் போடுவோம். எட்டு மணிக்கு வைத்தேன். இப்போது ரெண்டேகால். ஆறு மணி நேரம். மூன்று விரற்கடை. மூன்று விரலுக்கு ஒரு உத்தரம் என்ன ஆகிவிடும்? வெடிப்பு இருந்ததுதான். காலையில் நான் ஷாப்ட்டை உருவும்போது கொஞ்சம் மண் உதிர்ந்தது. ஒரு ஓடும் விழுந்தது. நான்தான் பெருக்கிவிட்டேன்.

மத்தியானம் தூங்குவாளா? மாத்திரை போட்டுக்கொண்டா? எங்கே, அந்தக் கூடத்துக் கட்டிலிலா? ஆமாம், தூணை ஒட்டித்தான் போட்டிருக்கிறது. நான்கூட அதை நகர்த்தாமல் சுற்றிச் சுற்றி வேலை செய்தேன். காற்று வருகிற இடம், அவளும் என்ன செய்வாள்.

எங்கே ஓடுகிறாய்? பஸ் மூணே முக்காலுக்கு என்று சொன்னேனே. கூலிக்காரர்கள் இறங்குகிற ஜீப் நாலரைக்கு. செக்போஸ்டுக்குப் போய்ப் போன் பண்ணினாலும் யாருக்குப் பண்ணுவாய்? உங்கம்மாவுக்கு மணி அடித்தால் கேட்குமா? பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சாயங்காலம் வரைக்கும் தோப்பிலே. காலையில் உதவிக்குத் தேடினேன், ஒருவரும் இல்லை. டேய் மணி! நில்லுடா! பனிக்குள்ளே எங்கே ஓடுகிறாய்? நடந்து போனால் ராத்திரிதான் போய்ச் சேருவாய்.

இதோ இருக்கிறதே வண்டி.

அப்படிப் பார்க்காதே. ஐந்து பங்கும் சேர்ந்துவிட்டது. எங்கே முதல் ஓட்டம் ஓட்டுவது என்று பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தலுக்கு இருபதே நிமிஷம், முழுக்க இறக்கம், பெட்ரோல்கூட வேண்டாம். ஏறு. அந்தப் பக்கக் கதவு திறக்காது, வெல்டிங் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஏறு. அப்படித்தான். காலை மடக்கிக்கொள். ஸ்பிரிங் குத்தும், அது அக்காவின் சீட்டிலிருந்து எடுத்த ஸ்பிரிங், கொஞ்சம் கோபக்காரி.

சாவி வேண்டாம், இந்த ரெண்டு ஒயரையும் தொட்டால் போதும். ஈரக்கையா? துடைத்துக்கொள்கிறேன் இரு.

கேட்டியா சத்தத்தை! நகருகிறது பார் மணி! அம்பது வருஷம் கழித்து நகருகிறது! சங்கையா பிள்ளைகள் ஐந்து பேரும் ஒன்றாகப் போகிறார்கள்டா. நீ ஏன் அழுகிறாய்? உங்கம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. நான் செய்து வைத்தது. போய்ச் சேர்ந்ததும் பார், தூங்கிக்கொண்டிருப்பாள்.

வேகமாவா? இரு, ரோட்டைத் தொட்டுவிடட்டும். இது ஓட ஆரம்பித்தால் நாம் சொல்லவே வேண்டாம். பார்த்தாயா, பதினாறாவது வளைவு வந்துவிட்டது. பதினைந்து. இந்தப் பனியில் எதிரே வருகிறவனுக்கு நாம் தெரிய மாட்டோம், ஹார்னை அமுக்கு. அமுங்கவில்லையா? கையால் தட்டு, தகரம் நல்லாச் சத்தம் போடும். தட்டிக்கொண்டே இரு.

மெதுவாவா? இப்போதுதான் வேகமாகப் போ என்றாய். காலால் தரையை ஏன் அப்படி மிதிக்கிறாய்? அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கத்திலும் இல்லை மணி. பிரேக்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். நீ இன்றைக்கே வந்துவிட்டாய்.